கார்த்திகைக் கிழங்கும் கொல்சிசினும்: வாசகர் கேள்விகளுக்கு மருந்தாளர் பதில்கள்

ஐப்பசி மழை விழத் தொடங்கியதும் திருகோணமலைப் பக்கத்து வேலிகளிலும் பற்றைகளிலும் கார்த்திகைச் செடி முளைவிடும். அதனோடு சேர்ந்து அதைப் பற்றிய கடிதங்களும் வரத் தொடங்கும். இம்முறை வந்த கேள்விகள் ஒன்றையொன்று தொட்டு நிற்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இந்தப் பக்கம் முழுவதையும் கார்த்திகைக் கிழங்குக்கும் அதில் உள்ள கொல்சிசின் என்ற நச்சுப் பொருளுக்கும் ஒதுக்கியிருக்கிறேன். எவ்வளவு கிழங்கு தின்றால் உயிர் போகும் என்றும் இருவர் கேட்டிருந்தார்கள். அந்தக் கணக்கை நான் எழுதப் போவதில்லை. வீட்டில் பாதுகாப்பாக இருப்பதற்கு அந்தக் கணக்கு வேண்டியதும் இல்லை. சிறு துண்டும் ஆபத்தானது என்று எடுத்துக்கொண்டாலே போதும்.

கேள்வி: மழைக்குப் பிறகு வேலியோரத்தைக் கொத்தியபோது சிறிய வற்றாளைக் கிழங்கைப் போன்ற இரண்டு கிழங்குகள் அகப்பட்டன. அவித்துப் பார்க்கலாம் என்று கழுவி எடுத்தேன். மாமியார் கண்டுவிட்டு, அது கார்த்திகைக் கிழங்கு, கொண்டுபோய் எறி என்றார். இவற்றை எப்படிப் பிரித்தறிவது? நன்றாக அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டால் நஞ்சு போய்விடாதா?
*ஒரு வாசகி, தம்பலகாமம்*

உங்கள் மாமியார் சொன்னதே சரி, அம்மா. கார்த்திகைக் கிழங்கால் நேரும் தற்செயலான நஞ்சூட்டல்களில் கணிசமானவை நீங்கள் சொன்ன மாதிரியே நடக்கின்றன: வேலியோரத்தில் அகப்பட்ட கிழங்கை வற்றாளை என்றோ வள்ளிக் கிழங்கு என்றோ எண்ணி அவித்துத் தின்றுவிடுகிறார்கள்.

முழுக் கிழங்கு கையில் இருந்தால் அடையாளம் காண்பது கடினமல்ல. விரல் பருமனில், சில வேளை அதைவிடப் பருத்து, இரண்டு கைகள் ஓரிடத்தில் பொருந்தி வளைந்திருக்கும்; கைகளின் நுனி கூராக முடியும்; புதிதாக முளைப்பதும் அந்த நுனியிலிருந்துதான். கலப்பைக் கிழங்கு என்ற பெயர் அந்த வளைவைப் பார்த்து வந்தது. தோல் மங்கிய மண்ணிறம், உள்ளே வெள்ளை. சிக்கல் எங்கே என்றால், மண்வெட்டி பட்டு இரண்டு கைகளும் பிரிந்து, ஒரு கை மட்டும் மண்ணோடு மண்ணாக வெளியே வரும்போதுதான். அப்போது அது இரு முனையும் ஒடுங்கிய ஒரு சின்ன வற்றாளையைப் போலவே தெரியும். அனுபவப்பட்ட கண்ணும் ஏமாறும். வாயில் வைத்தால் கசக்கும் என்பது உண்மையே. ஆனாலும் கசப்பைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்று நினைப்பது, தீக்குச்சியைக் கொளுத்திப் பெற்றோல் இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சமம்.

கொடி நிற்கும் காலத்தில் இலையைப் பார்த்தால் சந்தேகமே வராது. கார்த்திகை இலைக்குக் காம்பு இல்லை. நீண்டு ஒடுங்கிப் போய், நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகி, பக்கத்தில் எது இருந்தாலும் சுற்றிப் பிடிக்கும். வற்றாளைக்கும் வள்ளிக்கும் இலை நீளக் காம்பில் நிற்கும். இலை நுனி ஒருபோதும் பற்றுக்கம்பியாக மாறாது. ஆனால் கார்த்திகைக் கொடி பூத்துக் காய்த்த பிறகு பட்டுப்போய்விடும். கோடை முழுவதும் கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். முதல் மழையோடு நீங்கள் கொத்தும்போது மேலே இலையும் இருக்காது, கொடியும் இருக்காது. ஆகவே நான் வீட்டுக்காரருக்குச் சொல்வது ஒன்றே: எந்தக் கொடியின் அடியிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாத கிழங்கை அடுப்பில் ஏற்றாதீர்கள். நட்ட பாத்தியில் விளைந்தது வேறு, வேலியில் தானாக விளைந்தது வேறு.

அவிப்பதைப் பற்றி. கொல்சிசின் அடுப்புச் சூட்டில் சிதையும் பொருள் அல்ல. தண்ணீரில் கரையும் என்பதால் அதில் ஒரு பகுதி அவித்த நீரில் இறங்கும். மிச்சம் கிழங்கிலேயே நிற்கும். மரவள்ளியில் சில இனங்களை வெட்டி ஊறவைத்து, மூடாமல் அவித்து உண்கிறோமே என்று நீங்கள் நினைக்கலாம். மரவள்ளியில் உருவாகும் நஞ்சு ஆவியாகிப் பறந்துவிடக்கூடியது; இது அப்படிப்பட்டதல்ல. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். இழையுருப்பிரிவுப் பாடத்தில் கொல்சிசின் என்ற பெயர் வந்தது. அது கார்த்திகைப் பூவில் இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னார். அல்கலொயிட் என்றால் என்ன? அது கலத்தை எப்படிக் கொல்கிறது? செடியை அது ஏன் கொல்வதில்லை?
*ஒரு மாணவி, பாலையூற்று*

நல்ல கேள்வி, மகள். அல்கலொயிட் என்பவை தாவரங்களில் இயல்பாக உருவாகும், நைதரசன் கொண்ட சேர்வைகள், பெரும்பாலும் கசப்பானவை; அவற்றில் பல சிறிய அளவிலேயே விலங்குகளின் உடலைத் தாக்குபவை. தேநீரில் உள்ள கஃபேனும், புகையிலையில் உள்ள நிக்கொட்டினும், ஊமத்தையில் உள்ள அத்திரோப்பினும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. ஓடித் தப்ப முடியாத செடி, தன்னைத் தின்ன வருவதைத் தடுக்க வைத்திருக்கும் ஏற்பாடு என்று இவற்றை விளங்கிக்கொள்ளலாம்.

கொல்சிசின் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது நமது கார்த்திகையிலிருந்து அல்ல. ஐரோப்பியப் புல்வெளிகளில் இலையுதிர் காலத்தில் ஊதா நிறத்தில் பூக்கும் கொல்சிக்கம் என்ற சிறு பூண்டிலிருந்து, 1820ஆம் ஆண்டில், பெலத்தியே, கவந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதைப் பிரித்தார்கள். குயினைனை சின்கோனாப் பட்டையிலிருந்து பிரித்தவர்களும் அவர்களே, அதே ஆண்டில். ஒரே ஆண்டில் இரண்டு பெரிய மருந்துகளுக்கு வழி திறந்தவர்கள் மருந்தியல் வரலாற்றில் அதிகம் பேர் இல்லை. 1833இல் கைகர் என்ற ஜேர்மானியர் அதைத் தூய்மையாக்கி, இன்றைய பெயரை இட்டார். கார்த்திகையும் கொல்சிக்கமும் ஒரே குடும்பம் என்பதால் இரண்டிலும் அந்தப் பொருளே இருக்கிறது. பழைய நூல்கள் இரண்டையும் லில்லிக் குடும்பத்தில் வைத்திருக்கும். இப்போது அவை கொல்சிக்கேசியே என்ற தனிக் குடும்பத்தில் இருக்கின்றன. பரீட்சையில் புதியதையே எழுதுங்கள்.

இனி, கொல்லும் விதம். கலத்தின் உள்ளே தியூபுலின் என்ற புரதம் சிறு சிறு அலகுகளாக மிதக்கிறது. தேவைப்படும்போது அந்த அலகுகள் வரிசையாகச் சேர்ந்து நுண்குழாய்களாக நீள்கின்றன. தேவை முடிந்ததும் கழன்றுவிடுகின்றன. கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை இரு முனைகளுக்கும் இழுத்துச் செல்லும் கதிர்நார்கள் இந்த நுண்குழாய்களால் ஆனவை. கொல்சிசின் தியூபுலின் அலகோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய அலகு குழாயின் நுனியில் போய்ச் சேர்ந்தால் அதற்கு மேல் குழாய் நீளாது. கதிர் உருவாகாது. நிறமூர்த்தங்கள் இரட்டித்துத் தயாராக நிற்கும், ஆனால் இழுத்துப் பிரிக்க நார் இல்லாமல், கலப்பிரிவின் நடுக்கட்டமான அனுவவத்தையிலேயே கலம் அகப்பட்டுக்கொள்ளும். உங்கள் பாடநூலில் நிறமூர்த்தங்கள் அழகாகத் தனித்தனியே தெரியும் படங்கள் இருக்கின்றன அல்லவா? அத்தகைய படங்களுக்காகக் கலங்களை அந்த நிலையிலேயே நிறுத்தி வைக்க ஆய்வுகூடங்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருவது கொல்சிசினையும் அதன் உறவுச் சேர்வையொன்றையும்தான். இன்னும் சொன்னால், தியூபுலின் என்ற புரதத்தை விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததே கொல்சிசின் எதோடு ஒட்டுகிறது என்று தேடிப் போன வழியில், 1960களின் பிற்பகுதியில்தான்.

அடிக்கடி பிரியும் கலங்களே இதனால் முதலில் விழுகின்றன: குடலின் உட்பூச்சு, என்பு மச்சை, முடியின் வேர். கார்த்திகைக் கிழங்கு தின்றவருக்கு ஏன் முதலில் வயிறும் பிறகு இரத்தமும் கடைசியில் முடியும் பாதிக்கப்படுகின்றன என்பதற்கு உரிய விளக்கம் இந்த மூன்றிலும் இருக்கிறது.

செடியை ஏன் கொல்வதில்லை என்ற உங்கள் கடைசிக் கேள்வி பலர் கேட்க மறப்பது. தாவரங்களின் தியூபுலின், விலங்குகளின் தியூபுலினைப் போலக் கொல்சிசினை இறுகப் பிடிப்பதில்லை. அதனால் செடிக்கு ஆபத்தில்லாத அளவு, அதைத் தின்ற ஆட்டுக்கும் மனிதனுக்கும் ஆபத்தாகிறது. ஆனால் அளவைக் கூட்டினால் தாவரக் கலமும் தடுமாறும். பிரிய வேண்டிய நிறமூர்த்தங்கள் பிரியாமல், இரட்டிப்பான எண்ணிக்கையோடு அது தொடர்ந்து வாழும். 1937இல் பிளேக்சிலி, ஏவரி என்ற இருவர் இதைக் காட்டிய பிறகு, பயிர் விருத்தி செய்பவர்களின் மேசையில் கொல்சிசின் நிரந்தரமாக இடம் பிடித்தது. கொட்டையில்லாத வத்தகப்பழம் கூட இந்த வழியில் வந்ததே: நிறமூர்த்தங்களை இரட்டிப்பாக்கிய செடியைச் சாதாரண செடியோடு கலந்து பெற்ற விதையில் மும்மடங்கு நிறமூர்த்தங்கள் இருக்கும், அது பழுக்கும், ஆனால் விதை கட்டாது.

கேள்வி: வாப்பாவுக்குக் கால் பெருவிரல் மூட்டு வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலும் துடிக்கிறார். கௌட் என்று சொல்லிக் கொல்சிசின் குளிசை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது கார்த்திகைக் கிழங்கின் நஞ்சு என்று பக்கத்து வீட்டார் பயமுறுத்துகிறார்கள். குளிசைக்குக் காசு கொடுப்பதை விட அந்தக் கிழங்கையே இடித்துத் தூளாக்கி ஒரு சிட்டிகை சாப்பிடலாமே என்று இன்னொருவர் சொல்கிறார். எதை நம்புவது?
*ஒரு வாசகர், கிண்ணியா*

பக்கத்து வீட்டார் சொன்னதில் பொய் இல்லை. குளிசையில் இருப்பது அந்தப் பொருளேதான். இரண்டாமவர் சொன்னதைத்தான் காதில் வாங்கக் கூடாது. வாப்பாவிடம் இருக்கும் குளிசையில் அரை மில்லிகிராமோ அதை ஒட்டியோ கொல்சிசின் இருக்கும். ஒவ்வொரு குளிசையிலும் அதே அளவே இருக்கும். கிழங்கு அப்படியல்ல. எந்த மண்ணில் விளைந்தது, எத்தனை வயது, எந்த மாதத்தில் தோண்டியது, எவ்வளவு உலர்ந்தது என்பதைப் பொறுத்து ஒரே வேலியில் அகப்பட்ட இரண்டு கிழங்குகளிலும் அளவு வேறுபடும். நோயைத் தணிக்கும் அளவுக்கும் உடலை முறிக்கும் அளவுக்கும் இடையே வெகு குறுகிய இடைவெளி உள்ள மருந்துகளில் கொல்சிசினும் ஒன்று. அந்த இடைவெளிக்குள் சிட்டிகையால் அளந்து நிற்க யாராலும் முடியாது, ஐயா.

கௌட்டில் மூட்டுக்குள் யூரிக் அமிலத்தின் பளிங்குகள் படிகின்றன. அவற்றை விழுங்கித் தீர்க்க வெண்குருதிக் கலங்கள் கூட்டமாக ஓடி வருகின்றன. அந்தக் கூட்டத்தால்தான் வீக்கமும் சிவப்பும் வேதனையும். வெண்குருதிக் கலம் நகர்வதற்கும் நுண்குழாய்கள் வேண்டும் என்பதால், கொல்சிசின் அந்த ஓட்டத்தை மட்டுப்படுத்துகிறது. அது யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்து அல்ல; அதற்கு வேறு மருந்து உண்டு, வைத்தியர் பிறகு எழுதுவார். கௌட்டுக்குக் கொல்சிக்கத்தைப் பயன்படுத்தும் பழக்கம் புதியதும் அல்ல. 6ஆம் நூற்றாண்டில் திரலெஸ் ஊரைச் சேர்ந்த அலெக்சாந்தர் என்ற கிரேக்க வைத்தியரே அதை எழுதி வைத்திருக்கிறார்.

பழைய முறையில், வேதனை நிற்கும் வரை அல்லது வயிற்றுப்போக்குத் தொடங்கும் வரை மணிக்கொரு தடவை கொல்சிசின் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்து, இன்றும் முதியவர்கள் சிலர் அந்த நினைவிலேயே, 'போக வேணும், அப்பதான் மருந்து பிடிச்சிருக்கு' என்பார்கள். அது தவறு. வயிற்றுப்போக்கு என்பது மருந்து பிடித்ததற்கான அடையாளம் அல்ல, அளவு மிஞ்சுகிறது என்ற எச்சரிக்கை. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வேதனை தொடங்கியதும் 1.2 மில்லிகிராமும் ஒரு மணி நேரம் கழித்து 0.6 மில்லிகிராமும் கொடுத்து நிறுத்திவிடும் முறை, பழைய கூடிய அளவுக்கு நிகராகவே பலன் தந்தது என்றும், வயிற்று உபாதை வெகுவாகக் குறைந்தது என்றும் காட்டியது. இந்த எண்களைப் பார்த்து நீங்களாகக் குளிசை எண்ணாதீர்கள். வாப்பாவின் வயதுக்கும் சிறுநீரகத்துக்கும் ஏற்ப வைத்தியர் துண்டில் எழுதியதே அவருக்குரிய அளவு.

சிறுநீரகம் என்று சொன்னது வேண்டுமென்றுதான். கொல்சிசினில் ஒரு பகுதியைச் சிறுநீரகமும் பெரும்பகுதியை ஈரலும் பித்தமும் வெளியேற்ற வேண்டும். நெடுநாள் நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். அப்போது வழக்கமான அளவும் உடலில் தேங்கும். தேங்கியதை இரத்தச் சுத்திகரிப்பாலும் எடுக்க முடியாது. அதோடு, நெஞ்சுச் சளிக்குக் கொடுக்கும் கிளரித்ரோமைசின், நெஞ்சுநோவுக்கும் அழுத்தத்துக்கும் கொடுக்கும் டில்ட்டியாசெம், வெரப்பமில், பங்கசுத் தொற்றுக்குக் கொடுக்கும் கீற்றோகொனசோல், மாற்றுறுப்புப் பெற்றவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் ஆகியவை கொல்சிசின் வெளியேறும் வழியை அடைத்துவிடும். சிறுநீரகமும் தளர்ந்து, கிளரித்ரோமைசினும் சேர்ந்து உயிரிழந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. கொழுப்புக்கு ஸ்ற்றற்றின் எடுப்பவரானால், தொடையிலோ தோளிலோ சோர்வு தட்டினால் உடனே சொல்ல வேண்டும். ஆகவே வாப்பா எடுக்கும் எல்லாக் குளிசை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் வைத்தியரிடமோ பாமசியிலோ காட்டுங்கள். பெயர் சொல்ல முயல வேண்டாம், அட்டையைக் காட்டுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் கார்த்திகைப் பூவைப் பிடுங்கி விளையாடுகிறார்கள். தொட்டாலே விஷம் ஏறுமா?
*ஒரு தாய், உப்புவெளி*

ஏறாது. செடியின் சாறு சிலருக்குத் தோலில் எரிச்சல் தரலாம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். செடியின் எல்லாப் பகுதியிலும் நஞ்சு உண்டு; கிழங்கிலும் விதையிலும் மிக அதிகம். காய் முற்றி வெடித்தால் உள்ளே செம்மஞ்சள் விதைகள் வரிசையாகப் பளபளக்கும். சிறு பிள்ளையின் கண்ணுக்குப் பூவை விட அதுதான் ஆபத்து. காயாக இருக்கும்போதே கிள்ளி எறிந்துவிடுங்கள்.

கேள்வி: என் தம்பி வேறு கிழங்கென்று நினைத்து இதைத் தின்றுவிட்டான். மாலையில் வாந்தியும் போக்கும் கடுமையாக இருந்தன. வைத்தியசாலையில் சேலைன் ஏற்றினார்கள். அடுத்த நாள் வாந்தி தணிந்து, கதைத்துக்கொண்டிருந்தான். துண்டு வெட்டித் தரும்படி கேட்டோம், வைத்தியர் மறுத்துவிட்டார். மூன்றாம் நாள் நிலைமை மோசமானது. இப்போது சுகமாகி வீட்டில் இருக்கிறான், ஆனால் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. இது ஏன்? முடி திரும்ப வருமா?
*ஒரு வாசகி, மூதூர்*

முடி வரும், தங்கை. இதை முதலில் சொல்லிவிட்டே மற்றதற்குப் போகிறேன். கொல்சிசின் முடியின் வேரை அழிப்பதில்லை. அங்கே கலப்பிரிவைத் தற்காலிகமாக நிறுத்திவிடுகிறது. நஞ்சு உட்கொண்டு ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத் தலை முழுவதும், சிலருக்குப் புருவமும் உடல் மயிரும் கூட, உதிர்ந்துவிடும். சில மாதங்களில் மீண்டும் முளைக்கும். கார்த்திகைக் கிழங்கால் முடி முழுவதும் உதிர்ந்ததை 1966இல் பிரித்தானிய மருத்துவ இதழில் விரிவாக எழுதியவர் குணரத்ன என்ற இலங்கை வைத்தியர். உலகம் இதை நம் நாட்டிலிருந்தே படித்தது என்று சொல்லலாம். அதுவரை தம்பிக்குத் தொப்பி ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் தம்பியைத் துண்டு வெட்டி அனுப்பாத வைத்தியர் அவரது உயிரைக் காத்தார். இந்த நஞ்சின் போக்கைத் தெரியாதவர்கள் ஏமாறும் இடம் அதுவே. தின்ற உடனே ஒன்றும் நடக்காது. பல மணி நேரம் கழித்தே வாந்தியும், கொலராவைச் சந்தேகிக்க வைக்கும் அளவுக்குப் போக்கும் தொடங்கும். நீரும் உப்பும் வற்றி, இரத்த அழுத்தம் விழும். அதை நீர் ஏற்றிச் சமாளித்தால் ஆள் தெளிந்துவிட்டது போல் இருப்பார். வீட்டார் கூட்டிப்போக அவசரப்படுவது அப்போதுதான். ஆனால் உள்ளே நஞ்சு கலங்களோடு ஒட்டிக்கொண்டு தன் வேலையைத் தொடர்கிறது. இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரம் வரையிலான காலத்தில் என்பு மச்சை நின்றுபோய் வெண்குருதிக் கலங்களும் குருதிச் சிறுதட்டுகளும் விழும்; கிருமித் தொற்று இலகுவில் ஏறும்; முரசிலும் ஊசி குத்திய இடத்திலும் இரத்தம் கசியும்; சிறுநீரகம், ஈரல், இதயம், சுவாசம் எதுவும் தளரலாம். மரணங்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே நேர்கின்றன. இதைத் தாண்டியவருக்கு மச்சை மீண்டும் உழைக்கத் தொடங்கும். வெண்குருதிக் கலங்கள் வழக்கத்தை விடக் கூடி வரும். பிறகு முடி உதிரும். முடி உதிர்வது தப்பிவந்ததற்கான அடையாளம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

மற்ற வாசகர்களுக்காகவும் இதைச் சேர்க்கிறேன். யாராவது தின்றுவிட்டார் என்று தெரிந்தால், அறிகுறி தொடங்கும் வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். அதற்குப் பணம் இல்லை. உப்புத் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர், தேங்காய்ப் பால் என்று எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். மூச்சுக்குழாயில் போய் இன்னொரு ஆபத்தாகும். மீதிக் கிழங்கையோ கொடியையோ ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். எந்த நஞ்சு என்று வைத்தியருக்கு அது ஒரு நொடியில் சொல்லிவிடும். நேரத்தோடு போனால் மருத்துவக் கரியைக் கொடுத்து, உட்போகும் நஞ்சைக் குறைக்க முடியும். கொல்சிசினுக்கு எதிரான பிறபொருளெதிரி ஒன்றை 1995இல் பிரான்சில் ஒரு நோயாளிக்குக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் அது இன்றும் வைத்தியசாலை அலுமாரியில் எடுத்துக்கொள்ளக் கூடிய மருந்தாக வரவில்லை. நீர் ஏற்றி, தொற்றைத் தடுத்து, ஒவ்வொரு உறுப்பையும் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் உள்ள நஞ்சுத் தகவல் நிலையம் இதில் வைத்தியர்களுக்கு வழிகாட்டுகிறது.

இன்னொன்றும் உண்டு. நம் நாட்டில் இந்தக் கிழங்கைத் தெரிந்தே தின்றவர்களும் இருக்கிறார்கள். அப்படியான எண்ணத்தோடு யாராவது இந்தப் பக்கத்தைப் படித்தால், இந்த நஞ்சில் விரைவும் இல்லை, அமைதியும் இல்லை என்பதை ஒரு மருந்தாளராகச் சொல்கிறேன். 1926 என்ற எண்ணில் இரவும் பகலும் பேசக் கேட்க ஆள் இருக்கிறது. அழையுங்கள்.

கேள்வி: நாட்டு வைத்தியத்தில் இந்தக் கிழங்கைச் சுத்தி செய்து பயன்படுத்துகிறார்கள் என்று கேள்வி. பாம்புக்கடிக்கு அரைத்துக் கொடுப்பார்கள், பிரசவ வேதனை நீண்டால் அரைத்துப் பூசுவார்கள் என்று எங்கள் ஆச்சி சொல்வார். இவையெல்லாம் பொய்யா?
*ஒரு வாசகர், உவர்மலை*

பயன்படுத்தினார்கள் என்பது பொய் இல்லை. சித்த, ஆயுர்வேத நூல்கள் இதை நச்சு மூலிகையாகவே வகுத்திருக்கின்றன. சுத்தி செய்யாமல் தொடாதே என்றே அவை தொடங்குகின்றன. மெல்லிய வில்லைகளாக வெட்டி, உப்பிட்ட மோரிலோ கோமூத்திரத்திலோ நாட்கணக்கில் ஊறவைத்து உலர்த்தும் முறைகள் உண்டு. தண்ணீரில் கரையும் பொருள் என்பதால் அதில் கொஞ்சம் நஞ்சு இறங்குவது வேதியியலுக்கும் பொருந்துகிறது. எவ்வளவு இறங்கியது, எவ்வளவு மிஞ்சியது என்பதை ஆய்வுகூடத்தில் அளந்தாலன்றிச் சொல்ல முடியாது. நமது மாவட்டத்திலேயே, கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகப் போதிக்கப்படுகிறது. முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சித்த வைத்தியர் ஒருவர் செய்வதையும், ஆச்சி சொன்னதை வைத்து வீட்டு அம்மியில் அரைப்பதையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

ஆச்சி சொன்ன இரண்டில் பாம்புக்கடிக்கு அரைத்துக் கொடுப்பது மிகக் கெட்ட யோசனை. கண்ணாடி விரியன் கடித்தவருக்கு இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் தளரும்; கொல்சிசினும் அதையே செய்யும். ஒரு நஞ்சின் மேல் இன்னொன்றை ஏற்றி, விஷமுறி மருந்து உள்ள வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நேரத்தையும் வீட்டில் செலவழிப்பதாகவே அது முடியும். பிரசவத்துக்கு வயிற்றிலும் பாதத்திலும் பூசிய காலம், பிரசவ விடுதி எட்டாத காலம். இப்போது தாய்க்கும் பிள்ளைக்கும் அந்தப் பரீட்சை வேண்டாம்.

கேள்வி: ஆடு இதைத் தின்றால் என்ன ஆகும்?
*ஒரு வாசகர், சம்பூர்*

ஆளுக்கு ஆவதே ஆட்டுக்கும் ஆகும்: கழிச்சல், சோர்வு, சாவு. பச்சைப் புல் கிடைக்கும் காலத்தில் மாடும் ஆடும் பெரும்பாலும் இதைத் தவிர்த்துவிடும். வேலி வெட்டிய குழையோடு கலந்து போடும்போதும், கட்டி வைத்த இடத்தில் வேறு தீனி இல்லாதபோதும்தான் வாயில் படும். நஞ்சு பாலிலும் இறங்கக்கூடியது என்பதால், தின்றதாகச் சந்தேகித்தால் மிருக வைத்தியர் சொல்லும் வரை அந்தப் பாலைக் கறந்து ஊற்றிவிடுங்கள். குட்டிக்கும் விட வேண்டாம்.

கேள்வி: தமிழ்நாட்டில் இதைத் தோட்டமாகப் பயிரிட்டு விதையை நல்ல விலைக்கு விற்கிறார்களாம். எங்கள் மணல் நிலத்தில் செய்யலாமா?
*ஒரு விவசாயி, சாம்பல்தீவு*

செய்கிறார்கள் என்பது உண்மை. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கங்களில் கம்பிப் பந்தல் போட்டுக் கொடியை ஏற்றி, காலையில் பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் சேர்த்து விதை எடுக்கிறார்கள். அந்த விதை மருந்துக் கம்பனிகளுக்குப் போகிறது. நீர் வடியும் மணற்பாங்கான நிலம் இதற்கு ஒத்துவரும். ஆனால் விதையை வாங்கக் கூடியவர் அதிலிருந்து கொல்சிசினைப் பிரிக்கும் ஆலைக்காரர் மட்டுமே. சந்தையில் கொண்டுபோய்க் கூவி விற்க முடியாது. விலை ஏறிய ஆண்டைப் பார்த்து நட்டவர் விலை விழுந்த ஆண்டில் அறுவடை செய்ய நேரும். வாங்குபவரோடு எழுத்தில் உடன்பாடு இல்லாமல், பிள்ளைகள் ஓடித்திரியும் வளவில் நஞ்சு விதையை மூட்டையாகக் கட்டி வைக்கும் இந்த வேலையில் இறங்க நான் சொல்ல மாட்டேன். வெங்காயமும் நிலக்கடலையும் உங்கள் மண்ணுக்குப் பழகியவை.

கேள்வி: அப்படியானால் வேலியில் நிற்கும் கொடியை அடியோடு பிடுங்கிவிடுவதா? பூ அழகாக இருக்கிறது, மனம் வரவில்லை.
*ஒரு வாசகி, குச்சவெளி*

பிடுங்கியே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிறு பிள்ளைகளும் கட்டி வளர்க்கும் ஆடுகளும் இல்லாத வளவில், கிழங்குப் பாத்திக்கு எட்டாத ஒரு மூலையில் நிற்கட்டும். அது எது என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும், வேலைக்கு வருபவருக்கும், காட்டிக் கொடுத்துவிடுங்கள். பாத்தியோரத்தில் நிற்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். எடுப்பதானால், இப்போது இலையும் பூவும் தெரியும் காலத்திலேயே எடுக்க வேண்டும். கோடையில் தேடினால் அகப்படாது. கையுறை போட்டுக்கொண்டு, கொடியைப் பிடித்து இழுக்காமல் சுற்றி ஆழமாகத் தோண்டி, இரண்டு கைகளும் நுனி முறியாமல் வெளியே வருகிறதா என்று பாருங்கள். நுனி ஒன்று மண்ணில் தங்கினால் அடுத்த மழைக்கு அதுவே புதுக் கொடியாகும். எடுத்ததைக் குசினிப் பக்கம் காய வைக்காமல் அன்றைக்கே ஆழமாகப் புதைத்துவிடுங்கள். மண்வெட்டியைக் கழுவிய பிறகு வற்றாளைப் பாத்திக்குப் போகலாம்.